நீ பாதியில் விட்டுப் போன கார்

தம்பி,

பார்சலைப் பிரித்ததும் நீ முதலில் காரைத்தான் கையில் எடுப்பாய். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் முடித்தது என்று யோசிப்பாய். நான்தான். போன தீபாவளி லீவுக்கு வந்தபோது நீ ஆறாவது படம் வரைக்கும் பூட்டி, காரோடு வந்த செய்முறைப் புத்தகத்தில் பென்சிலால் டிக் போட்டு வைத்துவிட்டுப் போனாய். ஏழாவது படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் உன் அம்மாவின் கைவேலை. நீ என்னோடு பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. ஓசூருக்குப் போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம் என்பதே நீ கட்டிக்கொள்ளப் போகிற கவிதா கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனை எடுக்காமல் விடலாம். கடிதம் நீ எடுக்கிற வரைக்கும் மேசை மேலேயே கிடக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

அந்த லீவில் களத்தில் நடந்ததை, நான் போலீஸில் எழுதிக் கொடுத்தபடியே முதலில் சொல்கிறேன். நம் தெருக்காரர்கள் குறுவை நெல்லைச் சிமெண்டுக் களத்தில் காயப் போட்டிருந்தோம். பெரிய வீட்டுப் பேரன் முரளி ஆட்களோடு வந்து, களத்தில் பாதி தன் பட்டாவில் வருகிறது என்று கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தான். காய்ந்துகொண்டிருந்த நெல்லை டிராக்டரால் தள்ளி வாய்க்காலில் இறக்கினான். நீ போனில் படம் பிடித்தாய். முரளி கையிலிருந்த இரும்புக் கம்பியால் முதலில் போனை அடித்தான், அடுத்தது உன் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. நீ விழுந்தாய். அவன் மறுபடியும் கம்பியை ஓங்கினான். பெற்ற பிள்ளை செத்துப் போவானே என்ற பயத்தில் என் கையிலிருந்த கருக்கரிவாளால் தடுத்தேன், அது அவன் கையில் பட்டுவிட்டது. இதுதான் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. "மறுபடி ஓங்குனத உன் கண்ணால பாத்தியாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "பாத்தேங்க" என்றேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் தோளில் கட்டோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "பொய் சொல்றதுக்கு என்னைக் கூப்பிடாதம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாய்.

அந்தக் கார்ப் பெட்டி பீரோ மேலேயே கிடந்தது. சித்திரையில் அந்த வெட்டுக் கேஸின் வாய்தாவுக்கு நீ வரவில்லை. "பெத்த புள்ளையே சாட்சி சொல்ல வரலன்னா ஜட்ஜு என்னம்மா நினைப்பாரு?" என்று வக்கீல் எல்லார் முன்னாலும் என்னைக் கடிந்துகொண்டார். பஸ்ஸில் வரும்போதே எனக்கு உடம்பு எரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டியை இறக்கி, தெருவில் வீசி மிதிக்க வேண்டும் என்றுதான் முக்காலியில் ஏறினேன். இறக்கும்போது மூடி கழன்று உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. மிதிப்பதற்குக் காலைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்க்கிறேன், அங்கே கார் என்று எதுவுமே இல்லை. பொம்மைக் கார் என்றால் கடையில் வாங்கி ஓட்டுவது என்று நினைத்திருந்தேன். இதில் நீ பூட்டி வைத்திருந்த ஒரு சின்னத் துண்டைத் தவிர எல்லாம் தனித்தனி. எழுத்துப் போட்ட சின்னச் சின்னப் பைகள், அரிசி அளவில் திருகாணிகள், மிளகு அளவில் எஃகு உருண்டைகள், முழங்கை நீளத்துக்கு ஒரு கருப்புத் தகடு, விரல் நுனியில் ஏறாத பேரிங்குகள். மிதித்தால் உடைவதற்குக்கூட அது இன்னும் ஒரு பொருளாக ஆகியிருக்கவில்லை. காலைக் கீழே வைத்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

புத்தகத்தில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் படம் போட்டவன் நல்லவன், ஒவ்வொரு திருகாணியையும் அதன் அசல் அளவிலேயே வரைந்திருந்தான். கையிலிருப்பதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, சரியாக மூடினால் அதுதான். இருபத்தெட்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் பம்ப் அடுப்புக்கு வாஷர் மாற்றியவள், பித்தளைப் பர்னரைக் கழற்றிச் சுத்தம் பண்ணியவள், இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மதியச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் பழைய வேட்டியை விரித்து உட்காருவேன். முதல் நாளே ஒரு திருகாணியை முறுக்கினேன் பார், பிளாஸ்டிக்கில் மரை கழன்று ஓட்டை லொடலொடவென்று ஆகிவிட்டது. அடுப்பை முறுக்கின கைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் சக்கரத்தைத் தாங்குகிற கைகளைப் பூட்டும் வேலை. ஒரு சின்ன உருண்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து அமுக்கினால் டப்பென்று உள்ளே போய் உட்கார வேண்டும். எனக்கு உட்காரவில்லை. குறடு வைத்து அமுக்கினேன். குறடு வழுக்கி, உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் என்ன ஆனதோ, பூட்டியது அத்தனையையும் அப்படியே தூக்கிச் சுவரில் அடித்தேன். சுண்ணாம்பு பெயர்ந்தது. கருப்புத் தகட்டின் முன் மூலையில் ஒரு சில்லு போய்விட்டது, நீ தடவிப் பார்த்தால் தெரியும். அடித்த பிறகும் அடங்கவில்லை. சுவர் ஓரமாகப் போய் மறுபடியும் அதை எடுத்து ஓங்கிக்கொண்டு நிற்கிறேன், தம்பி. ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கின் மேல். வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் நீ நாலாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் வந்தது. மறந்திருப்பாய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூடப் படித்த ஒரு பையன் உன் தட்டில் துப்பிவிட்டு, நீ கேட்டதற்கு முதுகில் குத்தியிருந்தான். நீ அழுதுகொண்டே மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? துண்டை எடுத்துத் தலையைத் துவட்டியிருக்க வேண்டும். நானோ வாசலில் கையை நீட்டி உன்னைத் தடுத்து, "அடி வாங்கிட்டு வந்து இந்த வாசப்படி ஏறாத. போயி அவனைத் திருப்பி அடிச்சிட்டு வா" என்று கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றாய். உன் அப்பா இருந்திருந்தால் திறந்திருப்பார், அவர் அந்த வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அப்புறம் சத்தத்தைக் காணோம். சாயங்காலம் அந்தப் பையனின் அப்பா வந்தார். நீ செங்கல்லை எடுத்து அவன் வாயில் அடித்துவிட்டாய், முன்பல் மூன்று போய்விட்டது. அந்த மனுஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பிள்ளையின் சட்டை முழுக்க ரத்தம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் என்றுகூட எழுதுகிறேன், மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? அன்று ராத்திரி உனக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டேன். நீ சாப்பிடவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையும் நீ என்னிடம் வந்து சொன்னதே கிடையாது. பிள்ளை தைரியசாலி ஆகிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உனக்கும் கவிதாவுக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது அழுதுகொண்டு வாசலுக்கு வந்தால், கதவைத் திற. நியாயம் எது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கையில் காயம் ஆறுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. மறுபடியும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை இரண்டு விரலுக்கு மேல் உபயோகிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். திருகாணிக்குச் சோப்பு தடவிப் பார்த்தேன், வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. ஒரு அச்சில் போடுகிற குட்டிக் கிளிப், கொசு இறக்கை அளவு, தெறித்துக் காணாமல் போய்விட்டது. அறையைக் கூட்டி, அந்தக் குப்பையை முறத்தில் போட்டுப் புடைத்தேன். தூசி பறந்து கடைசியில் முறத்து மடியில் பளிச்சென்று கிடந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் புடைத்ததில்லை. ஷாக் அப்சார்பர்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. நாலு குழாய், அதில் எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் தண்டை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக் காற்றுக் குமிழியெல்லாம் வெளியே வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? மூடிவிட்டேன். அமுக்கிப் பார்த்தால் இரண்டு இறுகி நிற்கிறது, இரண்டு தொளதொளக்கிறது. கழற்றி, ஊற்றி, மறுபடியும் கழற்றி, நாலாவது தடவையில்தான் குழாய்களை வரிசையாக நிற்க வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். வந்து பார்த்தபோது குமிழி எல்லாம் தானாக மேலே வந்து உடைந்திருந்தது. நாலும் ஒரே மாதிரி அமுங்கி ஒரே மாதிரி எழுந்தது. மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கொடுத்து ஒட்டவைத்து, தாளை உருவிவிட்டால் இடைவெளி சரியாக இருக்கும். கண்ணாடி மாதிரி இருந்த மேல்கூட்டை வெட்டும்போது ஒரு சக்கர வளைவு கோணலாகிவிட்டது. நீ வாங்கி வைத்திருந்த நீலப் பெயிண்டையே உள்பக்கமாக அடித்திருக்கிறேன்.

ஒயர் வேலை எனக்குத் தெரியாது. பெட்டியைச் சாக்குப்பையில் போட்டு வலங்கைமானுக்கு எடுத்துப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கூத்தாநல்லூர்க்காரர், பற்றவைத்துக் கொடுத்தார். "யாருக்கும்மா இது, பேரனுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தாங்க" என்றேன். சிரிக்கவில்லை அவர். ரிமோட்டை என் கையில் கொடுத்து, "இந்தச் சக்கரத்தத் திருப்புனா வண்டி திரும்பும். இந்த விரல் கட்டைய இழுத்தா ஓடும். கொஞ்சமா இழுங்க. பொம்மைன்னு நினைச்சிடாதீங்க, மேல பட்டா கால் எலும்பு போயிடும்" என்றார். எங்கே ஓட்டுவது என்று கேட்டேன். மேடு பள்ளம் இல்லாத வழவழப்பான தரை வேண்டும், தார் ரோடோ சிமெண்டோ, என்றார். நம் ஊர் ரோடு உனக்குத் தெரியும். அத்தனை பெரிய வழவழப்பான தரை ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது.

அந்தக் களத்தை நீ சிமெண்டாகத்தான் பார்த்திருக்கிறாய். எனக்குப் பதினாலு வயதில் அது சாணி மெழுகின மண் களம். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. கூலி நெல்லை அரசாங்கம் சொன்ன அளவில் அளந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெரிய வீட்டு மரக்கால் சின்னது, அடியில் மெழுகு ஒட்டினது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. உன் தாத்தா, என் அப்பா, தாலுகா ஆபீஸில் போய் முத்திரை குத்தின மரக்கால் ஒன்றை வாங்கி வந்து களத்தில் வைத்து, "இனிமே இதுல அளங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முரளியின் தாத்தா எழுந்து வந்து, அந்த மரக்காலையே எடுத்து அப்பாவின் முகத்தில் அடித்தார். தாடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அப்புறம் வண்டிச் சக்கரத்தில் கையை விரித்துக் கட்டி, ஆள் மாற்றி ஆள் மாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். நான் வைக்கோல் போருக்குள் இருந்தேன். என் அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தியிருந்தாள். அப்பா முதலில் கத்தினார், அப்புறம் முனகினார், அப்புறம் சாட்டைச் சத்தம் மட்டும். வாயில் சாணிப்பாலை ஊற்றினார்கள். உடைந்த தாடையில் அது நிற்கவில்லை. கேஸ் நடந்தது. எங்கள் அம்மா என்னை உட்கார வைத்து, "நீ எதையும் பாக்கல. வெளங்குதா? நீ அன்னைக்குக் களத்துப் பக்கமே போவல" என்றாள். பார்த்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், கோர்ட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டதாக எழுதி முடித்துவிட்டார்கள். அப்பா கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தார். நான் சோறு கொண்டுபோனால் என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார். நான் வைக்கோலுக்குள் இருந்தது அவருக்குத் தெரியும். இதை நான் உனக்குச் சொன்னதில்லை. தாத்தா காய்ச்சலில் செத்தார் என்றுதான் சொல்லி வளர்த்தேன்.

ஆவணியில் களம் காலியாகக் கிடந்தது. வேலி போட்ட பாதியில் களத்து வழக்கு முடியும்வரை யாரும் நுழையக் கூடாது. மற்றப் பாதியில் விடிந்ததும் காரை இறக்கினேன். விரல் கட்டையைக் கொஞ்சம்தான் இழுத்தேன் என்று நினைத்தேன். வெறிநாய் மாதிரி பாய்ந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பதற்குள் பின்பக்கம் வழுக்கி, இரண்டு சுற்றுச் சுழன்று, கல்தூணில் போய் மோதிக் கவிழ்ந்தது. சக்கரம் நாலும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கதறியது. எடுத்துவந்து புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த படங்களைப் பார்த்தேன். பின் சக்கரங்கள் மூக்கை லேசாக உள்ளே திருப்பி நிற்க வேண்டுமாம், அப்போதுதான் வால் அடங்கும். என்னுடையதில் ஒன்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. சரி பண்ணினேன். பின்னால் கொஞ்சம் மிருதுவான ஸ்பிரிங் மாற்றினேன். நேராக விட்டால் இடது பக்கம் இழுத்தது, ரிமோட்டில் இருக்கும் குமிழை இரண்டு சொடுக்குத் திருப்பியதும் அந்த இழுப்பு நின்றது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்ததை மாற்று என்று நானே கண்டுபிடித்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருகினால் எது கெடுத்தது என்று தெரியாமல் போகிறது. மூன்றாவது நாள் காலை, களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கயிறு பிடித்தது மாதிரி ஓடி, வளைந்து, என் கால் கட்டைவிரல் முன்னால் வந்து நின்றது. அந்த இடத்தில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அறுபது வயதுக்கு மேல், அந்த மண்ணில், அதுதான் முதல் சிரிப்பு.

நாலாவது நாள் கைமீறிப் போய் முள்கம்பிக்கு அடியில் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. வரப்பில் வந்துகொண்டிருந்த முரளி அதைப் பார்த்தான். அன்றைக்கப்புறம் அவனை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. குனிந்து காரை எடுத்தான். நெஞ்சு உயரம் வரைக்கும் தூக்கினான். கீழே போட்டான். சிமெண்டில் விழுந்து முன்பக்கக் கை ஒன்று உடைந்து சக்கரம் தனியாக உருண்டது. எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. முள்கம்பிக்குள் நுழைந்து, சேலை கிழிந்ததுகூடத் தெரியாமல் ஓடிப்போய், கையிலிருந்த ரிமோட்டால் அவன் காதோரம் ஓங்கி அடித்தேன். இன்னொன்று அடித்தேன். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. தள்ளிக்கூட விடவில்லை. "அடிங்க, நல்லா அடிங்க. ஆனா நான் போடல" என்றான். "வெரலு புடிக்காதுங்க. எடுத்தா நழுவிடும்." வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரக்கட்டை மாதிரி நின்றன. மணிக்கட்டுக்கு மேலே நான் அறுத்த தழும்பு, தடித்துச் சுருங்கி, ஒரு சாண் நீளம். "நரம்பு போயிடுச்சு. தஞ்சாவூர்ல ரெண்டு தடவ கிழிச்சுத் தச்சாங்க. சட்டை பட்டன் வீட்டுல அவதான் போட்டு விடுறா. சோத்த எடது கையாலதான் திங்குறேன். பந்தியில ஒக்கார முடியல."

நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "ஒங்க புள்ளைய நான் அடிச்சேன். இல்லன்னு சொல்லல. அடிச்சது தப்பு, அவரு விழுந்ததும் எனக்கே உசுரு போயிடுச்சு. கம்பிய வீசிட்டு அவரைத் தூக்கத்தான் குனிஞ்சேன். ஒங்களுக்கு அது தெரியும்."

"தெரியும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"அப்பறம் ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"ஒன் தாத்தன் எங்கப்பாவ இந்த எடத்துலதான் சக்கரத்துல கட்டி அடிச்சான். நான் பாத்தேன்."

"அதுக்கு என் கையா?" என்றான்.

"வேலிய நீதான போட்ட? நெல்ல வாய்க்கால்ல தள்ளுனது நீதான?"

"அது கோர்ட்டுல இருக்கு. வேலிய நான் விட்டுத்தர மாட்டேன்."

"நாங்களும் விட்டுத்தர மாட்டோம்" என்றேன். உருண்டு போன சக்கரத்தை அவன் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான். காதைத் துண்டால் அழுத்திக்கொண்டு போய்விட்டான். அந்த அடிக்கு அவன் புகார் கொடுக்கவில்லை. அதற்காக அவனை நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மனுஷன் களைத்துப்போயிருந்தான், அவ்வளவுதான்.

தம்பி, இப்போது கேள். நீ தரையில் கிடந்து பார்த்தது சரி. கம்பி ஐந்தாறு அடி தள்ளிக் கிடந்தது. அவன் கை உன் கக்கத்துக்கு அடியில் இருந்தது, "ஐயோ, எந்திரிங்க எந்திரிங்க" என்று சொன்னதுகூட என் காதில் விழுந்தது. அது காதில் விழுந்த பிறகுதான் நான் வெட்டினேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக வெட்டினேன் என்று பதினோரு மாதம் எல்லாரிடமும் சொன்னேன். கவிதா, "என்னதான் நடந்துச்சு அத்தை, அவரு ஒங்களப் பத்திக் கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு" என்று கேட்டபோது அவளிடமும் அதையே சொன்னேன். நீ செத்துப் போவாய் என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. நீ எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. குனிந்த ஒரு முதுகு தெரிந்தது, அந்த வீட்டு முதுகு. ஐம்பது வருஷமாக வீச நினைத்த கை, வீசியது. உன் பெயரை அதற்கு நான் உபயோகித்துக்கொண்டேன். அரிவாளால் அவன் கையை அறுத்ததைவிட உனக்குச் செய்த இந்தத் துரோகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போன வாரம் வக்கீலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஜெயிக்கிற கேஸும்மா இது. இப்பிடிச் சொன்னா நீங்க உள்ள போவ வேண்டி வரும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "வயசான காலத்துல எதுக்கு? பையன் வராம இருந்தாலே போதும், நான் பாத்துக்குறேன்" என்றார். பார்த்த ஒருத்தரும் வராமல் இருந்ததால்தான் எங்கள் அப்பா வண்டியிலிருந்து விழுந்தவர் ஆனார் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை மாற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். களத்தின் வழக்கு தனி, அதில் நம் தெரு நிற்கும், நானும் நிற்பேன்.

உடைந்த கையை மாற்றிவிட்டேன். நீ பெட்டியோடு வாங்கி வைத்திருந்த உதிரிப் பையில் ஒரு ஜோடி இருந்தது. பேட்டரியைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், பாதி சார்ஜில்தான் வைக்க வேண்டும் என்று பாய் சொன்னார். கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீயும் கவிதாவும் பேசி முடிவு பண்ணுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், வருத்தப்படுவேன். ஆனால் ஐப்பசி வாய்தாவுக்கு மட்டும் நீ வந்துவிடு. உன்னைக் கூண்டில் ஏற்றி, அம்மா வெட்டும்போது அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்க்காதே, தம்பி. ஜட்ஜைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்.

உன் அம்மா